மதிலில்லா நகரும் உழிஞைத் திணையும்
ஸ்டாலின்கிராட் நாவல்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

நகரைப் பற்றி நிகழும் போருக்கெனத் தனியே ஒரு திணை வகுத்தவர் நம் இலக்கண ஆசிரியர். அரணமைந்த நகரை முற்றுதலும் கைக்கொள்ளுதலும் உழிஞை என்பர் தொல்காப்பியர். அதனை அவர் மருதத்திற்குப் புறனாக வைத்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. வயலும் ஊரும் தொழிலும் செல்வமும் செறிந்த நிலமே மதில் சூழ்ந்த நகரைத் தோற்றுவிக்கும். ஆகவே நகர்ப்போர் என்பது வெற்று நிலத்திற்காக நிகழ்வதன்று. அந்நிலத்தில் மக்கள் சமைத்துக்கொண்ட வாழ்க்கைக்காக நிகழ்வது.

இத்திணையின் பொருளை வகுப்பறையில் கற்பிக்குங்கால் மாணவர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. மதிலும் ஞாயிலும் அகழியும் மறைந்த காலத்தில் உழிஞை என்பது வெறும் வரலாற்றுச் சின்னந்தானோ என்பதே அவ்வினா. ஆம் என்று விடை கூறின், புறத்திணையியலை அருங்காட்சியகப் பொருளாக ஆக்கிவிடுவோம். எல்லாப் போரும் நம் இலக்கணத்துள் அடங்கும் என்று விடை கூறின், பெருமை பேசியவராவோமேயன்றி ஆராய்ந்தவராகோம். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, இக்கால நகர்ப்போர் ஒன்றனைப் பாடிய இலக்கியத்தை எடுத்து, உழிஞை பற்றிய நம் கருத்துகள் அதனை விளங்கிக்கொள்ள எத்துணை உதவும், எவ்விடத்தில் உதவாது நின்றுவிடும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கென எடுத்துக்கொண்டது 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் வோல்கா ஆற்றங்கரையில் நிகழ்ந்த ஸ்டாலின்கிராட் போர். அதனைப் பொருளாகக் கொண்ட உருசிய நாவல்களுள் சீமனவ், நெக்ராசவ், கிராஸ்மன் ஆகியோர் இயற்றியனவும், செருமானிய நாவல்களுள் பிலீவியர், கெர்லாக் ஆகியோர் இயற்றியனவும் ஈண்டு ஆராயப்படும். இவற்றை மொழிபெயர்ப்பின் வழியே கற்றமையால், சொன்னயம் பற்றிய ஆய்வு இங்கு மேற்கொள்ளப்படவில்லை. பொருளும் அமைப்புமே கருதப்பட்டன.

நகரின் இயல்பு

வோல்காவின் மேற்குக் கரையில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ஜாரித்சின் என்னும் கோட்டையூர் 1925இல் ஸ்டாலின்கிராட் எனப் பெயர் பெற்றது. 1961இல் வோல்காகிராட் எனப் பெயர் மாறியது. பழங்கோட்டை பெயரளவில்கூட எஞ்சாத காலத்தில், முதல் ஐந்தாண்டுத் திட்டம் அந்நகருக்குப் புதியதோர் உருவத்தைத் தந்தது. அமெரிக்க நாட்டு டெட்ராயிட் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கானின் நிறுவனம் வரைந்த திட்டத்தின்படி எழுந்த டிராக்டர்த் தொழிற்சாலை 1930இல் இயங்கத் தொடங்கியது. உழவர்க்குப் பொறிக்கலப்பை செய்யப் பிறந்த அச்சாலை போர்க்காலத்தில் டாங்கிகளைச் செய்தது. அதற்குத் தெற்கே 'பாரிக்காடி' என்னும் பீரங்கித் தொழிற்சாலையும், அதற்கும் தெற்கே 'சிவப்பு அக்டோபர்' என்னும் எஃகு ஆலையும் நின்றன. ஆற்றை ஒட்டி வடக்குத் தெற்காக நெடுந்தொலைவு நீண்டும், கிழக்கு மேற்காக மிகக் குறுகியும் கிடந்த நகரம் அது.

1942 ஆகஸ்டு 23ஆம் நாள் செருமானிய வானூர்திகள் அந்நகரை எரித்தன. அதே நாளில் செருமானிய டாங்கிப் படை நகரின் வடக்கே வோல்காவை அடைந்தது. அக்டோபர் 14ஆம் நாள் டிராக்டர்த் தொழிற்சாலையின்மீது பெருந்தாக்குதல் நிகழ்ந்தது. அடுத்த நாள்களில் அச்சாலை வீழ்ந்தது. சூய்க்கவ் தலைமையிலான 62ஆம் படை ஆற்றங்கரையில் சில துண்டு நிலங்களைப் பற்றிக்கொண்டு நின்றது.

இங்கு அரண் யாது? குண்டுவீச்சால் இடிந்த கட்டடங்களே அரணாயின. நகரை எளிதிற் கொள்ளவேண்டி வானிலிருந்து இடித்தவர், தம் டாங்கிகள் செல்ல இயலாத கற்குவியலைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர். உலைகளும் எஃகுத் தூண்களும் நிலத்தடி வழிகளும் ஞாயில்களாகவும் சுருங்கைகளாகவும் மாறின. வானூர்தி குண்டு வீசின் தம் படையையே கொல்லும் என்னும் அளவிற்குப் பகைவரை நெருங்கியிருத்தல் சூய்க்கவ் கையாண்ட முறை. மதிற்போரில் இடைவெளியே காப்பு; இப்போரில் இடைவெளியின்மையே காப்பு.

திருவள்ளுவர் அரணதிகாரத்தில் நீரையும் அரணின் உறுப்பாகக் கூறுவர். ஸ்டாலின்கிராடிலும் நீர் உண்டு. ஆயின் அது காப்போருக்கு முன்னே இல்லை, பின்னே இருந்தது. உணவும் வெடிமருந்தும் வீரரும் படகில் அந்நீரைக் கடந்தே வரவேண்டும். புண்பட்டோர் அதனைக் கடந்தே செல்லவேண்டும். நவம்பரில் பனிப்பாளங்கள் மிதந்து வந்தபோது அவ்வழியும் அரிதாயிற்று. பகைவரைத் தடுக்கவேண்டிய அகழி காப்போரைத் தடுத்து நின்றது. எனினும் அவ்வதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் கூறும் கருத்து ஈண்டும் பொருந்துவதே. எத்துணை மாட்சியுடைய அரணும் வினைமாட்சி உடையார் இல்லாவிடத்துப் பயனற்றது என்பர் அவர். அரணின் பிற உறுப்புகள் அனைத்தும் தலைகீழாகிய இடத்திலும் மாறாது நின்ற உறுப்பு மாந்தர் என்பதே. ஆதலின் இப்போர் பற்றிய இலக்கியமும், அம்மாந்தரை அது எங்ஙனம் காண்கின்றது என்பதைக் கொண்டே மதிப்பிடற்குரியது.

முற்றியோர் முற்றப்பட்டமை

உழிஞை பற்றி நம் இலக்கண நூல்களிடையே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை மதிலை வளைத்தலை உழிஞை என்றும், மதிலைக் காத்தலை நொச்சி என்றும் இரு வேறு திணைகளாகக் கொள்ளும். தொல்காப்பியர்க்கோ நொச்சி தனித்திணை அன்று. புறத்தோன் செயலும் அகத்தோன் செயலும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடங்கும். இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் பகுப்பு முறையின் வளர்ச்சி எனக் கூறி அமைவர். ஸ்டாலின்கிராட் போரை நோக்குங்கால், அது வெறும் பகுப்பு முறை பற்றியதன்று எனத் தோன்றுகின்றது.

1942 நவம்பர் 19ஆம் நாள் உருசியப் படைகள் நகருக்கு வெளியே, செருமானியரின் இரு புறத்தும் இருந்த நேசநாட்டுப் படைகளின்மீது பாய்ந்தன. நவம்பர் 23ஆம் நாள் கலாச் நகருக்கு அருகே இரு கைகளும் இணைந்தன. அதுகாறும் நகரை வளைத்து நின்ற பவுலுசின் 6ஆம் படை இப்போது தானே வளைக்கப்பட்டது. தான் இடித்த நகரே அதற்குச் சிறையாயிற்று. 1943 சனவரி 31ஆம் நாள் பவுலுசு நகரின் நடுவே ஒரு பல்பொருள் அங்காடியின் நிலவறையில் சரணடைந்தார். பிப்ரவரி 2ஆம் நாள் வடக்கே தொழிற்சாலைப் பகுதியில் எஞ்சியோரும் படைக்கலம் தாழ்த்தினர். இறுதியில் சிறைப்பட்டோர் ஏறத்தாழ 91,000 பேர். அவருள் நாடு திரும்பியோர் ஏறத்தாழ 6,000 பேரே.

உழிஞை சூடியவரும் நொச்சி சூடியவரும் ஒரே போரில் பூவை மாற்றிச் சூடிய நிலை இது. யார் அகத்தோன், யார் புறத்தோன் என்பது மாறக்கூடிய நிலையாயின், அவர்க்கு இரு திணை வகுத்தலினும் ஒரு திணையுள் இருவரையும் அடக்குதலே சாலப் பொருந்தும். தொல்காப்பியர் இதனைக் கருதியே அங்ஙனம் வகுத்தார் என்று கூறுதல் மிகையாகும். ஆயின் அவர் வகுப்பு முற்றுகை என்பதனை ஒரு பக்கத்தாரின் வீரமாகக் காணாது, இரு பக்கத்தாரையும் பிணிக்கும் ஒரே நிகழ்ச்சியாகக் காண இடந்தருகின்றது. இவ்விடம் திறனாய்வுக்குப் பெரிதும் பயன்படும்.

மற்றொன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. செருமானியர் 1942 கோடையில் தெற்கே படையெடுத்தது காக்கசு மலைப்பகுதியின் எண்ணெயைக் கருதி. அது மண்ணாசை பற்றிய வஞ்சி. ஸ்டாலின்கிராட் அப்பயணத்தின் பக்கக் குறிக்கோளே. பின்னர் அந்நகரே குறிக்கோளாயிற்று, அது உழிஞை. அக்டோபரில் ஒரு பட்டறைக்கும் மற்றொரு பட்டறைக்கும் இடையே நாள்கணக்காகப் பொருதபோது, வலிமையை நிறுவுதல் ஒன்றே பொருளாயிற்று, அது தும்பை. இறுதியிற் பனியில் மடிந்த உடல்கள் காஞ்சியை உணர்த்தின. திணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்தலை இலக்கணம் உணர்த்தும். இப்போர் அவை ஒன்றனுள் ஒன்று கரைதலை உணர்த்துகின்றது. நாவல் என்னும் நெடிய வடிவம் அக்கரைதலைக் காட்ட வல்லது. தனிப்பாடல் அதற்கென அமைந்ததன்று. இவ்வளவில் நம் பகுப்பின் எல்லையையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சீமனவும் நெக்ராசவும்

போர் நிகழ்ந்த காலத்திலேயே எழுந்த நாவல் கான்ஸ்தந்தீன் சீமனவின் 'பகல்களும் இரவுகளும்'. போர்ச் செய்தியாளராக அந்நகரில் இருந்த ஆசிரியர் எழுதியது. சபூரவ் என்னும் படைத்தலைவனும் அவன் படையும் சில வீடுகளைக் கைப்பற்றிக் காத்தலே கதை. நகரம் முழுவதையும் காட்ட முயலாது சில வீடுகளில் அதனைச் சுருக்கிக் காட்டியமை சீமனவின் திறன். பின்வந்தோர் பலரும் அவ்வழியைப் பின்பற்றினர். ஆயின் சபூரவுக்கும் ஆன்யா என்னும் செவிலிப் பெண்ணுக்கும் இடையே தோன்றும் காதல் கதைக்கு ஓய்விடமாகவே நிற்கின்றது. அது புறத்தினுள் செருகிய அகமேயன்றிப் புறத்திலிருந்து விளைந்த அகம் அன்று. போர் நடக்கும்போதே போரிடும் மக்களுக்காக எழுதிய நூலில் ஊக்கமூட்டும் நோக்கம் மேலோங்குதல் இயல்பே. எனினும் காலம் கடந்து கற்போர் அந்நோக்கத்தின் சுமையை உணராதிரார்.

விக்தர் நெக்ராசவ் கட்டடக் கலை பயின்றவர். அந்நகரில் பொறியியற் படைப்பிரிவில் பணியாற்றியவர். 1946இல் வெளிவந்து பின்னர் 'ஸ்டாலின்கிராட் அகழிகளில்' என்னும் பெயரால் வழங்கும் அவர் நாவலுக்கு மறு ஆண்டில் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. இந்நாவலில் தலைவர் பேச்சு இல்லை. பெரும்படையின் நகர்வு இல்லை. கெர்ழென்சவ் என்னும் இளம் அலுவலன் தன் கண்முன் நிகழ்வதை மட்டும் கூறுகின்றான்.

தொழில்நகர்ப் போரின் தன்மையை உணர்த்தும் பகுதி ஒன்று இந்நாவலின் நடுவே உள்ளது. டிராக்டர்த் தொழிற்சாலைக்குரிய மின்னிலையத்தில் வெடிமருந்து வைத்து, கட்டளை வந்ததும் தகர்க்கக் காத்திருக்கும் பணி கெர்ழென்சவுக்கும் தோழர்க்கும் தரப்படுகின்றது. நாள்கள் செல்கின்றன, கட்டளை வரவில்லை. அந்நிலையத்தை இயக்கும் மின்பொறியாளர் கியோர்கி அகீமவிச் அவர்களுடன் உரையாடுகின்றார். பகைவரின் ஒழுங்கும் பொறிவலிமையும் கண்ட அவர், அற்புதம் ஒன்று நிகழ்ந்தாலன்றி உய்தியில்லை என்கின்றார். ஒருபுறம் பொறியை இயக்கக் கற்றவன். மறுபுறம் அதனைத் தகர்க்கக் காத்திருப்பவன். இருவரும் பொறியின் மொழியை அறிந்தவர். பண்டைக்காலத்து அகத்தோன் தன் மதிலைத் தானே இடித்தல் இல்லை. இக்கால அகத்தோனுக்கோ தன் கையால் அமைத்ததைத் தானே அழிக்கும் கடமையும் உண்டு. இவ்வவலத்தைக் கண்ணீரின்றி, உரத்த சொல்லின்றி நெக்ராசவ் உணர்த்துகின்றார்.

அதே நாவலில் அப்ரோசிமவ் என்னும் மேலதிகாரி, படிப்படியாக ஊர்ந்து கொள்ளவேண்டிய இடத்தை நேரே பாய்ந்து கொள்ளுமாறு வீரரை விரட்டுகின்றான். பலர் வீணே மடிகின்றனர். பின்னர் அவன் படைமன்றத்தின் முன் நிறுத்தப்படுகின்றான். வீரரின் உயிரைச் செலவிடுதலே வீரம் எனக் கருதிய ஒருவனை நீதியின்முன் நிறுத்திய இப்பகுதி, போர் இலக்கியத்தில் அருகியே காணப்படுவது. நெக்ராசவின் குறுகிய பார்வையைச் சிலர் குறையாகக் கூறுவர். அகழியில் நிற்பவன் அகழியளவே காண்பான். அதனைக் கடந்து கண்டதாகக் கூறாமையே அவர் நாவலின் வாய்மை.

பிலீவியரும் கெர்லாக்கும்

முற்றியோர் முற்றப்பட்ட நிலையைச் செருமானியர் பக்கத்திலிருந்து காட்டிய முதற்பெருநாவல் தியோடர் பிலீவியரின் 'ஸ்டாலின்கிராட்'. இட்லரின் ஆட்சியிலிருந்து தப்பிச் சோவியத் நாட்டில் வாழ்ந்த அவர், சிறைப்பட்ட வீரரின் வாய்மொழிகளையும் கைப்பற்றப்பட்ட மடல்களையும் கொண்டு அதனை எழுதினார். 1945இல் அது நூலாயிற்று. தண்டனைப் படையைச் சேர்ந்து பிணங்களைப் புதைக்கும் கினோட்கே என்பவனோடு நாவல் தொடங்குகின்றது. போர்க்களத்தில் முதலில் நம் கண்ணுக்குப் படுபவன் வேந்தனும் அல்லன், வீரனும் அல்லன், புதைகுழி தோண்டுபவன். இத்தொடக்கம் ஒன்றே ஆசிரியரின் நோக்கை உணர்த்தப் போதும். நாவலில் மாந்தர் கூட்டம் மிகுதி. துன்பக் காட்சிகள் மேன்மேலும் அடுக்கப்படுதலால் கற்போர் உள்ளம் சோர்தலும் உண்டு. ஆயினும் அச்சோர்வு அப்படையின் சோர்வே என்று கருதின், அது குற்றமாகாது.

ஹைன்ரிஹ் கெர்லாக் அம்முற்றுகையுள் இருந்தவர். சிறைப்பட்ட நிலையிலேயே தம் நாவலை எழுதினார். சோவியத் அதிகாரிகள் கைப்படியைப் பறித்துக்கொண்டனர். நாடு திரும்பிய பின்னர், மறந்தவற்றை நினைவுக்குக் கொணர மருத்துவர் ஒருவரின் அறிதுயில் முறையையும் நாடி, அவர் நாவலை மீண்டும் எழுதினார். 1957இல் அது 'வஞ்சிக்கப்பட்ட படை' என்னும் பெயரால் வெளிவந்தது. பறிக்கப்பட்ட முதற்படி 2012இல் மாஸ்கோ ஆவணக் களரியில் கண்டெடுக்கப்பட்டு 2016இல் பதிப்பிக்கப்பட்டது. ஒரே நூலின் இரு வடிவங்கள் நமக்குக் கிடைத்துள்ளமை பதிப்பாய்வாளர்க்கு அரியதொரு வாய்ப்பு. முன்னது தோல்வியின் நடுவே எழுந்த கேள்வி; பின்னது நாடு திரும்பிய ஒருவன் தன் மக்களுக்குக் கூறிய விடை. மீண்டும் எழுதியதன் பெயரிலேயே 'வஞ்சிக்கப்பட்ட' என்னும் சொல் முந்தி நிற்கின்றது. வஞ்சிக்கப்பட்டோம் என்று கூறுவோர், தாம் பிறர் நகரை முற்றச் சென்றதை மறத்தல் எளிது. இவ்விடத்தில் திறனாய்வாளன் விழிப்பாயிருத்தல் வேண்டும். முற்றப்பட்டோனின் துன்பம் உண்மையானது. அது அவன் முற்றியதனை இல்லையாக்கிவிடாது.

கிராஸ்மனின் இரு நாவல்கள்

வசீலி கிராஸ்மன் வேதியியல் கற்றவர். தோன்பாசு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பணியாற்றியவர். தொழிலையும் தொழிலாளரையும் அருகிருந்து அறிந்த கண் அவருடையது. படைச் செய்தித்தாளின் நிருபராக ஸ்டாலின்கிராடில் இருந்து அவர் விடுத்த கட்டுரைகள் நாடெங்கும் பெயர் பெற்றன. பின்னர் அப்போரை இரு பெருநாவல்களாக அமைத்தார். முதலாவது 'நீதிக்காக' என்னும் பெயரோடு 1952இல் இதழில் வெளிவந்து, மறு ஆண்டில் கடுந்தாக்குதலுக்கு ஆளாயிற்று. இரண்டாவதாகிய 'வாழ்வும் ஊழும்' 1960இல் முற்றுப்பெற்றது.

முதல் நாவலில் எஃகு ஆலைத் தொழிலாளி அந்திரேயெவ் என்னும் முதியவரின் ஓவியம் சிறப்புடையது. உலை அவருக்குப் படைக்கலச் சாலை அன்று; வாழ்நாள் முழுதும் பழகிய உயிர். உழிஞைத் திணையை மருதத்தின் புறனாக வைத்த இலக்கணத்தின் உட்பொருள் இத்தகைய பாத்திரத்தில் விளங்குகின்றது. வயலுக்கு உழவன் எத்தகையவனோ, உலைக்கு அவர் அத்தகையவர். பகைவர் முற்றியது அவருடைய மருதத்தை.

இரண்டாம் நாவலில் நகரின் மின்னிலையத் தலைவர் இஸ்பிரிதோனவ் வருகின்றார். மனைவியை வோல்காவில் இழந்த அவர், குண்டுமழைக்கிடையே நிலையத்தை விடாது நிற்கின்றார். ஆற்றில் நிற்கும் படகொன்றில் மகளுக்கு மகவு பிறந்ததறிந்து, அவளைக் காண ஒரு நாள் நிலையத்தை நீங்குகின்றார். எதிர்த்தாக்குதல் தொடங்கிய நாள் அதுவாகவே முடிந்தது. அத்தனை நாள் நின்றதனை மேலோர் எண்ணவில்லை. ஒரு நாள் நீங்கியதனை எண்ணினர். அவர் பதவியிழந்து தொலைவிலுள்ள சிறு நிலையத்துக்கு அனுப்பப்படுகின்றார். சீமனவின் நாவலில் செருகலாக நின்ற அகம், இங்குப் புறத்தின் நெஞ்சிலேயே பிறக்கின்றது. பேரக்குழந்தையின் முகம் காணச் சென்ற முதியவனின் குற்றத்தை அளக்கும் கோல் எது என்னும் வினாவைக் கிராஸ்மன் நம்மிடமே விட்டுவிடுகின்றார்.

நாவலின் உயிர்நிலை 6/1 என்னும் எண்ணுடைய வீடு. பகைவரால் சூழப்பட்ட அவ்வீட்டைக் கிரேக்கவ் என்பான் சில வீரரோடு காக்கின்றான். அவன் ஒழுங்காக அறிக்கை விடுப்பதில்லை. அவ்வீட்டில் யாவரும் அச்சமின்றிப் பேசுகின்றனர். அங்கு ஒழுங்கை நிலைநாட்டுமாறு கிரீமவ் என்னும் அரசியல் அதிகாரி அனுப்பப்படுகின்றான். அவனுக்கு அவ்வீட்டின் வீரத்தினும் அதன் விடுதலையே அச்சத்தைத் தருகின்றது. அவன் கிரேக்கவைக் குற்றஞ்சாட்டி எழுதுகின்றான். அதற்குள் வீடு வீழ்ந்து, அதனைக் காத்தோர் மடிந்துவிடுகின்றனர். பின்னர்க் கிரீமவும் சிறைப்படுகின்றான். இறுதித் தாக்குதலுக்கு முன்னர்க் கிரேக்கவ், தான் விரும்பிய காத்யா என்னும் பெண்ணையும் அவள் விரும்பிய இளைஞனையும் ஒருங்கே வெளியே அனுப்பிவிடுகின்றான். முற்றுகையுள் இருந்தவன் தன் ஆணையால் இருவரை வாழ்வுக்குள் விடுத்த இச்செயல், பகைவரைக் கொன்ற செயல் எதனினும் உயர்ந்து நிற்கின்றது.

இப்பகுதி அரசியற் கருத்தை வலியுறுத்தவே அமைந்தது என்று கூறுவாரும் உளர். அவர் கூற்று ஒருபுறம் உண்மையே. கிராஸ்மனின் நாவலில் ஆசிரியரே முன்வந்து உரை நிகழ்த்தும் இடங்கள் உண்டு. கதை அங்கெல்லாம் தன் ஓட்டத்தை இழத்தலும் உண்டு. ஆயின் 6/1ஆம் வீடு அத்தகையதன்று. அங்குக் கருத்து பாத்திரத்தின் செயலாகவே நிகழ்கின்றது. மூன்று வளையங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. பகைவர் வளைத்தது ஒன்று. தன் நாட்டின் ஐயம் வளைத்தது மற்றொன்று. பகைவர் தாமே வளைக்கப்படும் நாள் அணுகியது மூன்றாவது. வேறெந்த நாவலாசிரியரும் முற்றுகை என்னும் பொருளை இத்துணை ஆழமாகக் கண்டிலர்.

கிராஸ்மனின் தாய் 1941 செப்டம்பரில் பெர்தீசெவ் நகரில் யூதர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது கொல்லப்பட்டார். 'வாழ்வும் ஊழும்' அவருக்கே உரிமையாக்கப்பட்டது. மதிலுக்குள் அடைபட்ட யூதர் குடியிருப்பும், நச்சுப்புகை அறையும், சோவியத் சிறைமுகாமும் அந்நாவலில் ஸ்டாலின்கிராடோடு அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. காப்பாற்றத்தக்க நகரம் எது, காப்போரே இல்லாத நகரம் எது என்னும் வினா அவ்வைப்பு முறையால் எழுகின்றது.

புலவனும் வேந்தனும்

நாவல் முடிந்த இடத்தில் வரலாறு தொடர்ந்தது. 1961 பிப்ரவரியில் அரசின் காவல்துறையினர் கிராஸ்மனின் இல்லத்துள் புகுந்து, தட்டச்சுப் படிகளோடு கரித்தாள்களையும் தட்டச்சு நாடாக்களையும் எடுத்துச் சென்றனர். கிராஸ்மன் 1964இல் மறைந்தார். நண்பர் மறைத்துவைத்த படிகளிலிருந்து 1980இல் சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் நாவல் அச்சேறியது. 1988இல் அவர் தாய்நாட்டிலும் வெளிவந்தது. பறிக்கப்பட்ட படி 2013இல் இலக்கிய ஆவணக் களரிக்கு ஒப்படைக்கப்பட்டது.

இதனோடு வைத்து எண்ணற்குரிய செய்தி ஒன்றுண்டு. 1967இல் மமாயெவ் குன்றில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் சுவரில், பாரிக்காடித் தொழிற்சாலையில் பொருத படை பற்றிக் கிராஸ்மன் போர்க்காலத்தில் எழுதிய கட்டுரையின் சொற்கள் பொறிக்கப்பட்டன. எழுதியவர் பெயர் பொறிக்கப்படவில்லை. அவருடைய சொல்லைக் கல் ஏற்றது. அவருடைய நூலை அரசு ஏற்கவில்லை. நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் எழுதிய மரபினர்க்கு, பெயரின்றிச் சொல் மட்டும் நிற்கும் இக்கல் வியப்பையும் வருத்தத்தையும் தரும்.

ஈண்டுக் கோவூர்கிழார் நினைவுக்கு வருகின்றார். நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்தபோது, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கி அவர் பாடியது புறநானூற்றில் உள்ளது. உணவின்றி வருந்தும் யானையையும், பாலின்றி அழும் குழவியையும், பூவின்றி முடித்த மகளிரையும் எடுத்துக்காட்டி, அறம் கருதின் திறந்துவிடுக, மறம் கருதின் வெளிவந்து பொருக என இடித்துரைத்தார். முற்றுகையின் உண்மையான அளவுகோல் மதிலின் உயரமன்று, உள்ளிருக்கும் குழந்தையின் பசி என்று கூறிய புலவர் அவர். இருவரும் சோழரே, யார் தோற்பினும் தோற்பது ஒரு குடியே என்று உறையூர் முற்றுகையில் பாடியவரும் அவரே.

இதனால், நம் நாட்டில் புலவர்க்கு இருந்த உரிமை பிற நாட்டில் இல்லை என்று முடிவுகட்டுதல் தவறாகும். இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்தபோது, ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி அவனைக் கொல்லப் புக்கான். கோவூர்கிழார் பாடியே அவனை உய்வித்தார். ஆதலின் முற்றுகைக் காலத்தில் இரு பக்கமும் கண்ட புலவன் ஒற்றனாகத் தோன்றுதல் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வேறுபாடு ஒன்றே. அன்று இளந்தத்தனுக்காகப் பேச ஒரு கோவூர்கிழார் இருந்தார். வேந்தன் செவி அவர்க்கு எட்டும் தொலைவில் இருந்தது. கிராஸ்மனுக்காகப் படிகளை மறைத்துவைத்த நண்பர் இருந்தனர். ஆயின் செவி எட்டாத் தொலைவில் இருந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். மதிலில்லாத் தொழில்நகரில் அரண் என்பது கட்டடத்தின் வலிமையால் அமையாது, அதில் உழைத்தும் பொருதும் நின்ற மாந்தரால் அமைந்தது. அம்மாந்தரை அரணின் உறுப்பாக மட்டும் கண்ட நாவல்கள் காலத்தால் தேய்ந்தன. மாந்தராகவே கண்ட நாவல்கள் நிலைத்தன. இஃது ஒன்று. அகத்தோனும் புறத்தோனும் இடம் மாறும் இப்போரில், இருவரையும் ஒரே திணையுள் வைத்த தொல்காப்பிய நெறி, இருவர் துன்பத்தையும் காணவும் இருவர் பொறுப்பையும் மறவாதிருக்கவும் துணைசெய்கின்றது. இஃது இரண்டாவது. நகருக்கான போர் படைக்கலம் தாழ்த்திய நாளில் முடிவதில்லை. அந்நகர் பற்றிய சொல் யாருக்கு உரியது என்னும் போராக அது தொடர்கின்றது. இஃது மூன்றாவது.

புறப்பாடல்களைக் கற்பிக்குங்கால் வாளையும் வேலையும் களிற்றையும் நாம் நெடிது விரித்துரைக்கின்றோம். ஆவூர் மதிலுக்குள் பாலின்றி அழுத குழவியை விரைந்து கடந்துவிடுகின்றோம். உழிஞைத் திணையின் நடுவே அக்குழவியை வைத்துக் கற்பித்தல் நம் மரபுக்கு மாறானதன்று; மரபிற் சிறந்த புலவர் ஒருவர் வைத்த இடம் அதுவே. வோல்காவின் படகிலே பிறந்த மகவைக் காணச் சென்று பதவியிழந்த மின்னிலைய முதியவரும், நெடுங்கிள்ளியின் முன் நின்ற கோவூர்கிழாரும் அவ்விடத்தில் ஒருவரை ஒருவர் அறிவர்.

அவ்வினாவை எழுப்பிய மாணவர்க்கு இக்கட்டுரையாளன் கூறக்கூடிய விடை இது: மதில்கள் மறைந்தன, முற்றுகை மறையவில்லை. உழிஞையை நாம் கற்கவேண்டுவது மதிலை அறிதற்கன்று. அதனுள் இருந்தோரை அறிதற்கே.